நாலு நொடி முங்கு

எங்கள் நிறுவனத்தில் கருவியைச் செய்வது சிபி, அதற்கு விலை வைப்பது நான். எது கடினமான வேலை என்று கேட்டால் என்னுடையதுதான் என்பேன். ஆயிரம் ரூபாய் என்று வைத்தால், இவ்வளவு மலிவாகக் கிடைப்பதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று ஒதுங்கிப் போவார்கள். மூவாயிரம் என்றால், கையில் பிடிக்க முடியாத சத்தத்துக்கு மூவாயிரமா என்று திட்டி எழுதுவார்கள். இரண்டாயிரத்து நானூறு என்று வைத்த அன்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பதினோரு வருடமாக அதே விலைதான்.

கருவியின் பெயர் சில்வண்டு. கணினிக்குள் ஓடும் சின்தசைசர். ஒரு கீபோர்டைச் செருகி வாசித்தால் வயலினாகவும், நாகஸ்வரமாகவும், இதுவரை யாரும் கேட்டிராத ஏதோ ஒன்றாகவும் ஒலிக்கும். அப்படிப்பட்ட மென்பொருள் உலகத்தில் ஆயிரம் இருக்கிறது. எங்களுடையதில் ஒரே ஒரு வித்தியாசம், அது வளரும். வாசிக்கிறவரின் கையைக் கவனித்து, மைக் வழியாகச் சுற்றியிருக்கும் சத்தத்தையும் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கு ஏற்றபடி மாறிக்கொண்டே இருக்கும். மூன்று வருடம் ஒருவரிடம் இருந்த சில்வண்டு, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி, இன்னொருவருக்கு உதவாது.

இந்த வித்தியாசம்தான் என் உயிரை வாங்கியது. மற்ற மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்தால் பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டுக்கொள்ளலாம். சில்வண்டில் அது கற்றுக்கொண்டதைப் பெயர்த்தெடுத்துப் புதிய உடம்பில் நட வேண்டும். சிபியின் அப்பா நாற்றுப் பண்ணை வைத்திருந்தவர், அதனால் அவன் அதற்குப் ‘பதியம்’ என்று பெயர் வைத்தான். பதியத்துக்கு என்ன விலை வைப்பது? ‘என் சில்வண்டை ஆறு வருடம் வளர்த்தது நான். மேம்படுத்துவதற்கு நீங்கள்தான் எனக்குப் பணம் தர வேண்டும்’ என்று கும்பகோணத்திலிருந்து ஒருவர் எழுதினார். அவர் சொன்னதில் தப்பிருப்பதாக எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. ஆனால் பணம் தரவில்லை.

போதாததற்கு, ஆரம்பித்த புதிதில் இருபத்துநான்கு வயது வேகத்தில், ‘முதல் ஐந்நூறு பேருக்கு வாழ்நாள் முழுவதும் மேம்பாடுகள் இலவசம்’ என்று வேறு அறிவித்துத் தொலைத்திருந்தேன். மறுவாரமே முப்பத்தேழாம் எண் உரிமத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. ‘வாழ்நாள் என்றால் யாருடைய வாழ்நாள்? என்னுடையதா, சில்வண்டுடையதா, உங்கள் கம்பெனியுடையதா?’ இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகு பதில் போடாமலே விட்டுவிட்டேன்.

வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்க்க ஒரு டெமோவும் உண்டு. அதையே காலமெல்லாம் ஓசியில் ஓட்டிக்கொண்டிருப்பவர்களை விரட்ட ஒரு வழி வைத்திருந்தேன். ஐந்தாவது நிமிடத்துக்கும் ஒன்பதாவது நிமிடத்துக்கும் இடையே ஏதோ ஒரு கணத்தில் டெமோ நான்கு நொடி ஊமையாகிவிட்டு, நிமிடக் கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எப்போது என்று யாருக்கும் தெரியாது, தெரிந்தால் அதற்கேற்றபடி வாசித்துத் தப்பித்துவிடுவார்களே. மேடையில் ஒருதரம் மானம் போனால் மறுநாள் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பது கணக்கு. இந்த யோசனை முழுக்க என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பன்னிரண்டாம் வருடம் பெங்களூரிலிருந்து ஒரு பெரிய நிறுவனம் எங்களை மொத்தமாக வாங்கிக்கொள்ள வந்தது. இனி மாதச் சந்தா. எல்லாருடைய பதியங்களையும் ஒரே தொட்டியில் கரைத்து, எல்லாருக்கும் ஒரே சில்வண்டைக் கொடுத்துவிடுவார்களாம். யார் வளர்த்தது, யாருக்கு என்ன தர வேண்டும் என்ற தகராறே இருக்காது. சிபிக்கு அதில் முழுச் சம்மதம். பதினோரு வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவன் முழுதாகத் தூங்கியதில்லை. நானும் அரை மனதாகத் தலையாட்டினேன்.

எங்கள் ஆவணங்களை அவர்கள் அலசியபோது ஒரு ஓட்டை தெரிந்தது. தூத்துக்குடி வட்டாரத்தில் மட்டும் அறுபத்தொரு டெமோக்கள் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தன. சாதாரணமாக ஒரு டெமோவை இரண்டு நாளுக்கு மேல் யாரும் வைத்திருப்பதில்லை. இதை அடைத்தால்தான் கையெழுத்து என்றார்கள். அதற்கும் சிபி வழி செய்தான். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஐந்தாம் பதிப்பு வெளியாகும். அந்த நொடியில் முப்பது நாளைத் தாண்டிய டெமோக்கள் எல்லாம், தாம் கற்றுக்கொண்ட அத்தனையோடும் அழிந்துவிடும். பதினோரு மணிக்குக் கையெழுத்து.

அறுபத்தொரு பேர், பதினோரு வருடம். எனக்கு ரத்தம் கொதித்தது. நேரில் போய் வாங்க வைக்கிறேன், முடியாவிட்டால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டாவது வருகிறேன் என்று கிளம்பினேன். கடலையாவது பார்த்துவிட்டு வா என்று சிபி அனுப்பிவைத்தான்.

கோயம்புத்தூரிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் பேருந்தில் ஓட்டுநர் கிடையாது, பேருந்து தானாகப் போகிறது. நடத்துநர் மட்டும் எப்படியோ வேலையைக் காப்பாற்றிக்கொண்டு, பின்னால் நகர்ந்து நிற்கும்படி எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தார். அறுபத்தொன்றில் அதிகம் ஓடிய டெமோ ‘ஸ்டெல்லா மெலடீஸ்’ என்ற மெல்லிசைக் குழுவினுடையது. அவர்களுக்கு அந்த ஞாயிறு மதியம் ஒரு கல்யாண வரவேற்பில் கச்சேரி இருப்பதை விசாரித்து வைத்திருந்தேன்.

மாதா கோயிலை ஒட்டிய மண்டபம். காலைப் பூசையில் தாலி கட்டி முடித்து, பிரியாணிக்கு ஐந்நூறு பேர் காத்திருந்தார்கள். அழையா விருந்தாளியாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் கீபோர்டுக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் ஒரு கனத்த மனிதர், அவர்தான் குழுத்தலைவர் லூர்து மச்சாது. மைக் முன்னால் நின்று பாடியது அவருடைய மனைவி பிலோமினா. நாற்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த உடம்பு, எங்கிருந்து வருகிறதென்று தெரியாத பெரிய குரல்.

பாட்டு நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் தாண்டியதும் மண்டபத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். பிள்ளைகள் ஒருவரையொருவர் கிள்ளிச் சிரித்தார்கள். பரிமாறுகிறவர்கள்கூட வாளியோடு நின்றுவிட்டார்கள்.

சட்டென்று சில்வண்டு ஊமையானது. அதே நொடியில் தாளமும் கிதாரும் பாட்டும் நின்றன. ஐந்நூறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலையாக இருந்தார்கள். மாப்பிள்ளை கன்னத்தை உப்பி வைத்திருந்தார், மணப்பெண் கண்களை இறுக மூடியிருந்தாள். அந்த அமைதிக்குள் மேடைப் பக்கமிருந்து ‘புஸ்’ என்று ஒரு சின்னச் சத்தம். அதை யாரும் சட்டை செய்ததாகத் தெரியவில்லை.

பதினோரு வருடம் டெமோவைச் சோதித்த பழக்கம் என்னைக் கெடுத்தது. என்னையறியாமல் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.”

பாட்டு மறுபடி தொடங்கவில்லை. ஐந்நூறு தலைகளும் என் பக்கம் திரும்பின, பிறகு மண்டபமே வெடித்துச் சிரித்தது. பக்கத்திலிருந்த அம்மாள் என் தோளைத் தட்டி, இந்த நாலு நொடிக்குப் பெயர் முங்கு, முங்கில் சத்தம் போட்டவர் மேடையேறிப் பாட வேண்டும், அதுதான் இங்கே சட்டம் என்று விளக்கினார். நான் மறுத்ததை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெண்ணின் சித்தப்பாமார் இரண்டு பேர் வந்து மரியாதையாகக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

பாட்டுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். சின்தசைசர் விற்கிறவளுக்குச் சுருதி தெரியாது என்பதை அதுவரை சிபியைத் தவிர யாரிடமும் நான் ஒப்புக்கொண்டதில்லை. முழுதாகத் தெரிந்தது ஒன்றாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த மாங்காய்ப் பாட்டுதான். அதைப் பாடினேன். முதல் வரியிலேயே சுருதி வழுக்கியது. லூர்து என்னைப் பார்த்தபடி வெறும் இரண்டு விரல்களால் வாசித்தார். சில்வண்டு நான் போன இடத்துக்கெல்லாம் கூடவே வந்தது. நான் தவறியபோது அதுவும் கொஞ்சம் சரிந்துகொடுத்து, வேண்டுமென்றே அப்படிப் பாடியதாக எல்லாரையும் நம்பவைத்தது. இதையெல்லாம் நான் திரையில் கோடுகளாகத்தான் பார்த்திருந்தேன். எனக்கு அழுகை வந்துவிடும்போலிருந்தது. நாலு வார்த்தை கேட்க வந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

மீதிப் பாதியைப் பந்தியில் எடுத்துவிட்டேன். லூர்தும் பிலோமினாவும் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். நான் யாரென்று சொல்லி, அறுபத்தொரு டெமோ, பதினோரு வருடம், ஒருவருக்குக்கூட வாங்க மனம் வரவில்லையா என்று கேட்டேன். லூர்து கையைக் கழுவிவிட்டு வந்து போனை எடுத்து என் இலைக்குப் பக்கத்தில் வைத்தார். முதல் பதிப்பின் ரசீது. உரிம எண் முப்பத்தேழு.

“முப்பத்தேழு நாந்தான். யாரு ஆயுசுன்னு கேட்டு எழுதுனேன்லா? பதிலையே காணோம், பாத்துக்கிடுங்க.”

அவர் மட்டுமல்ல, அறுபத்தொரு பேரும் வாங்கியிருந்தார்கள். உரிமம் வாங்காதவன் டெமோ போடக் கூடாது என்பது மெல்லிசைக் கலைஞர்கள் தங்களுக்குள் வைத்திருந்த சட்டம். இணையத்தில் பணம் கட்ட வங்கி அட்டை இல்லாதவர்களுக்கெல்லாம் இ-சேவை மையம் நடத்தும் ரோச் என்பவர் தன் பெயரில் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அந்த ரோச்சை எங்கள் விற்பனை முகவர் என்று நினைத்து நான் வருடாவருடம் காலண்டர் அனுப்பிக்கொண்டிருந்தேன். அறுபத்தொரு உரிமங்களும் காசு கொடுத்து வாங்கப்பட்டு, ஒருதரம்கூடத் திறக்கப்படாமல் கிடந்தன.

முழுப் பதிப்பைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு எந்தப் பைத்தியக்காரன் டெமோ வாசிப்பான்? நான் இப்படியே கேட்டுவிட்டேன். லூர்து கோபித்துக்கொள்ளாமல் கதையைச் சொன்னார். முதல் தடவை டெமோவில் வாசித்தது ஒரு படகு முதலாளி வீட்டுக் கல்யாணத்தில். பாட்டுக்கு நடுவே ஊமையானதும் இவருக்கு வேர்த்துவிட்டது. யாரும் சிரித்துப் பார்த்திராத அந்த முதலாளி, ‘என்ன லூர்து, முங்கிட்டியா’ என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். சங்கு குளிப்பவர்கள் நிறைந்த ஊர், முங்கு என்றால் மூச்சடக்க வேண்டும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மறுநாள் இவர் காசு கட்டி முழுப் பதிப்பை வாங்கினார். அடுத்த கல்யாணத்தில் முங்கு எங்கே என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். இப்போது கச்சேரிக்கு முன்பணம் கொடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது பாடகர் யார் என்று இல்லை, முங்கு உண்டா என்றுதான்.

நான்கு நொடி நிறுத்துவதற்கு ஒரு டெமோ எதற்கு, நீங்களே கையை எடுத்துவிடலாமே என்றேன்.

“நாங் கைய எடுத்தா எல்லாரும் எங் கையத்தான் பாத்துக்கிட்டு இருப்பாவ. யாருக்கும் தெரியக் கூடாது, எனக்கும் தெரியக் கூடாது. அதுல்லா வெளையாட்டு.”

பிலோமினா இடுப்பிலிருந்து ஒரு சின்ன நீலக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். மூச்சிரைப்புக்கு வாயில் வைத்து இழுக்கும் மருந்து. மேடையில் கேட்ட ‘புஸ்’ அதுதான். முங்கில் அந்தச் சத்தம் மட்டும் கணக்கில் சேராது, ஊரே சேர்ந்து அதைக் கேட்காததுபோல் இருந்துவிடும். முன்பெல்லாம் அவரால் ஒரு கச்சேரியில் இரண்டு பாட்டுதான் முடியும். நடுவில் இழுப்பு வந்துவிட்டால் திரும்பி நின்று மருந்து எடுப்பதற்குள் பாட்டு கையைவிட்டுப் போய்விடும். இப்போது பத்துப் பாட்டுப் பாடுகிறார்.

“அது சும்மா முங்கல, எனக்காகத்தான் முங்குது. அஞ்சு நிமிசம் தாண்டணும், அது அதோட சட்டம். தாண்டிட்டா, எனக்கு எப்ப இழுக்கோ அப்ப முங்கும்.”

அது வெறும் தற்செயல், எந்த நேரம் என்பதை ஒரு சீட்டுக்குலுக்கல் மாதிரிதான் கணினி தேர்ந்தெடுக்கிறது, அந்த விதியை வைத்ததே நான்தான் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். பிலோமினா மறுக்கவில்லை. ஒரு குழந்தை பேசுவதைக் கேட்பதுபோல் சிரித்துக்கொண்டே கேட்டார்.

அதன்பிறகுதான் திங்கட்கிழமை ஆறு மணியைப் பற்றிச் சொன்னேன். லூர்து கெஞ்சுவார், சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மனைவியைப் பார்த்தார். அப்படியானால் பழையபடி இரண்டு பாட்டோடு நிறுத்திக்கொள்வோம் என்று பிலோமினா சொல்லிவிட்டுக் குப்பியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

வெளியே வந்து சிபியை அழைத்தேன். ஊமையான நேரத்தையும் அதற்கு முந்தைய சில நொடி மைக்கில் கேட்டதையும் ஒவ்வொரு டெமோவும் எங்களுக்கு அனுப்பிவைக்கும், ஆனால் அதை நாங்கள் ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை. பிலோமினா சொன்னதைச் சொல்லி, லூர்துடையதைப் பார்க்கச் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்து அவனே கூப்பிட்டான்.

“சம்யு, மொத ரெண்டு வருசம் நேரமெல்லாம் செதறித்தான் கெடக்குது, நீ சொன்னாப்பல. அப்புறம் செதறலைங்கறேன். ஊமையாகறதுக்கு முன்னாடி மூணு நொடி மைக்குல என்ன கேக்குதுன்னு பாத்தேன். நூத்துக்குத் தொண்ணூறு தடவை அந்தம்மா மூச்சு இழுக்குது.”

“அது எப்படிடா முடியும்? குலுக்கல்தானே?”

“குலுக்கற எண்ணை நான் தனியாப் பூட்டி வெக்கலை. வேலை மிச்சம்னு, கத்துக்கற பகுதியோட கைக்கு எட்டற எடத்துலயே போட்டுட்டேன். வாசிக்கறவங்களுக்கு ஒத்தாசை பண்ணுன்னு அதுக்குச் சொல்லியிருக்குது. அதுக்கு ஒத்தாசை பண்ண ஒரு வழி ஆப்புட்டுச்சு, எடுத்துக்கிச்சு.”

அவன் குரலில் பயமா பெருமையா என்று பிரித்தறிய முடியவில்லை. ஐந்தாம் பதிப்பை நிறுத்து என்றேன். வெகுநேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் பதினோரு மணி வரைக்கும் தள்ளிவைக்கிறேன், அதற்குமேல் ஒரு நிமிடம்கூட முடியாது என்றான். வரும்போது அந்தப் பதியத்தை எடுத்து வரவும் சொன்னான், புதிய உடம்பில் அது பிழைக்குமா என்று பார்க்க வேண்டுமாம். லூர்திடம் கேட்டேன். பதினோரு வருடம் வளர்த்ததை, என்ன ஏதென்று ஒரு வார்த்தை கேட்காமல், நகலெடுத்துக் கொடுத்தார். பிலோமினா ஒரு டப்பா நிறைய மக்ரூனும் கொடுத்தனுப்பினார்.

திங்கள் காலை ஒன்பது மணிக்குச் சரவணம்பட்டி அலுவலகத்துக்குள் நுழைந்தேன். சிபி பதியத்தை வாங்கி நட்டுவிட்டு, கீபோர்டில் இடது கையை ஓட்ட ஆரம்பித்தான். கோபமாக இருந்தால் அவன் இடது கை சும்மா இருக்காது. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு குடும்பத்துக்காகவா பதினோரு வருட உழைப்புக்குக் கிடைக்கும் பலனை விடுவது? அந்தம்மாவுக்கு வேறு ஏற்பாடு செய்துகொடுக்கலாம். என் பிள்ளைகள் என்னை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்ததில்லை, அதற்கு என்ன விலை வைப்பாய் என்று கேட்டான்.

ஒரு குடும்பம் இல்லை, அறுபத்தொரு குழு. அவை போக, தொட்டியில் கரையப்போகிறவை ஒன்பதாயிரம் பதியங்கள் என்றேன். அவற்றில் இன்னும் என்னென்ன ஒத்தாசைகள் முளைத்திருக்கின்றனவோ, நாம் ஒன்றையாவது பிரித்துப் பார்த்தோமா? அவற்றை வளர்த்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? பேசப் பேச இருவருக்கும் குரல் ஏறியது. மணி பத்தே முக்கால். அவன் இடது கையில் சில்வண்டு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

“நீ வெலை மட்டுந்தான் வெச்சே, சம்யு. ராத்திரி பகலா ஒக்காந்து செஞ்சது நானு.”

அது என்னைச் சுட்டது. பதினோரு வருடம் திட்டுக் கடிதங்களை எல்லாம் அவன் கண்ணில் படாமல் வாங்கிக்கொண்டவள் நான். எனக்கு மூச்சு வாங்கியது, காது அடைத்தது. அப்படியானால் பங்கைப் பிரித்துக்கொண்டு அவரவர் வழியைப் பார்ப்போம் என்ற வாக்கியம் நுனிநாக்கில் வந்து நின்றது. சொல்லியிருந்தால் சொன்னதுதான், நான் திரும்பப் பெறுகிற ரகம் இல்லை.

சில்வண்டு நின்றது.

நானும் அப்படியே நின்றுவிட்டேன். இந்தத் தடவை மனசுக்குள்தான் எண்ணினேன். ஒன்று. தெருவில் குப்பை வண்டி திரும்பியது. இரண்டு. சிபியின் இடது கை கட்டைமேல் அசையாமல் இருந்தது. அவன் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்ததை அன்றுதான் பார்த்தேன். மூன்று. நான் இழுத்துவிட்ட மூச்சில் அந்த வாக்கியம் எங்கோ கரைந்து போனது. நாலு ஆவதற்குள் சிபி தும்மினான்.

சத்தம் போட்டால் பாட வேண்டும் என்றேன். அவன் என்னை முறைத்தான். தூத்துக்குடிச் சட்டத்தை விளக்கினேன். நானும் ஐந்நூறு பேர் முன்னால் மாங்காய்ப் பாட்டுப் பாடிவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்றதும் அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டு, பிள்ளைகளைத் தூங்கவைக்கப் பாடும் ஏதோ ஒன்றைப் பாடினான். சில்வண்டு அவனையும் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனது. இரண்டாம் அடியில் பெங்களூரிலிருந்து போன் அடித்தது. பாடி முடிக்கட்டும் என்று அதை அடிக்கவிட்டேன். பாடி முடித்ததும் அதை எடுத்து, விற்பதாக இல்லை என்று சொன்னவன் சிபிதான். பதினோரு மணிக்கு வெளியாக வேண்டிய ஐந்தாம் பதிப்பையும் அவனே நிறுத்திவைத்தான்.

அன்று மதியமே புதிய விலைக் கொள்கையை எழுதினேன். ஆயுளில் முதல்தடவையாக ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். சில்வண்டு எங்களுடையது, விலை வழக்கம்போல் இரண்டாயிரத்து நானூறு. பதியம் வளர்த்தவருடையது. அதை அழிக்கவோ கரைக்கவோ எங்களுக்கு உரிமை இல்லை. இன்னொருவருக்குக் கொடுப்பதா, என்ன விலைக்கு என்பது அவர் இஷ்டம். லூர்து மச்சாது தன் பதியத்துக்கு உடனே விலை சொல்லிவிட்டார். அவர் மேடையில் ஒரு பாட்டு. சிபிக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பதையும் அதே கொள்கையில் நாலாவது வரியாகச் சேர்த்து, எல்லாருக்கும் தெரியும்படி தளத்தில் போட்டேன். பிறகு முப்பத்தேழாம் எண் உரிமத்துக்குப் பதினோரு வருடம் தாமதமாகப் பதில் அனுப்பினேன். ‘ஐயா, நீங்கள் சொன்ன மூன்றில் எது கடைசிவரை நிற்கிறதோ, அதனுடைய வாழ்நாள்.’

நாலு மணி இருக்கும், பக்கத்து அறையிலிருந்து சிபி கூப்பிட்டான். முங்கு வேண்டும் என்பவர்களுக்காக டெமோவின் அந்தப் பகுதியை ஐந்தாம் பதிப்பில் சேர்க்க உட்கார்ந்திருந்தான். திரையைப் பார்த்தபடி இருந்தவன் என் பக்கம் திரும்பவில்லை.

“சம்யு, காத்தால பதியத்தை நான் டெமோவுல நடலை. ஞாபகமறதியா என்னோட சொந்தக் காப்பியில நட்டுட்டேன்.”

அவனுடையது முழுப் பதிப்பு. அதில் ஊமையாவதற்கென்று நாங்கள் ஒரு வரிகூட எழுதியதில்லை, ஐந்து நிமிடம் ஒன்பது நிமிடம் என்ற சட்டமும் கிடையாது. பத்தே முக்கால் வரை அது ஒருதரம்கூட முங்காததைச் சண்டையில் நாங்கள் கவனிக்கவில்லை. காலையில் அது தன் ஒலியைத் தானே தணித்துக்கொண்டு, சரியாக நான்கு நொடி காத்திருந்திருக்கிறது.

நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன். கீபோர்டுக்கு மேலிருந்த மைக்கின் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கேட்பதற்கு எங்கள் இருவரிடமும் நிறைய இருந்தது. ஆனால் இருவரும் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றோம். முதலில் பேசுகிறவர் பாட வேண்டுமே.